செந்தாமரை வாபஸ் வாங்கவில்லை

சதீஷ் உதைத்த உதையில் அரிவாள்மனை சாய்ந்து, செந்தாமரையின் முழங்காலைக் கிழித்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தது. அவள் கையில் பாதி அறுத்த விரால் இருந்தது. தலை போன பிறகும் விரால் துடிக்கும். அதுவும் துடித்தது, அவள் காலும் துடித்தது. தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர்கூட முன்னால் நகரவில்லை.

"வாபஸ் வாங்கிடுக்கா," என்றான் சதீஷ். குரலில் கோபமே இல்லை. கடையில் பால் பாக்கெட் கேட்கிற மாதிரிதான் கேட்டான். "அண்ணன் நல்லவிதமாச் சொல்லிட்டு வரச் சொன்னாரு. இதான் நல்லவிதம்."

"மீனுக்குச் சொன்னவங்க நிக்கிறாங்க. அறுத்துக் குடுத்துட்டுப் பேசுறேன்."

அவன் குனிந்து, அவள் கையிலிருந்த மீனைப் பிடுங்கித் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தான். "இப்ப அறுக்க ஒண்ணுமில்ல. பேசு."

"அந்த மீனுக்கு நீதான் காசு குடுக்கணும்."

அப்போதுதான் அறைந்தான். காதில் கிடந்த தோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. காதுமடல் இரண்டாகப் பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. கூட இருந்த இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தார்கள். அவள் தொட்டியில் கிடந்த கெண்டைகள் ஆட்களின் கால்களுக்கு நடுவே துள்ளி ஓடின.

"பத்தொம்பதாம் தேதி வாய்தா. அதுக்குள்ள வாபஸ். இல்லன்னா அடுத்த தடவை உன்கிட்ட வர மாட்டோம். உன் வீட்டுக்காரர்கிட்டப் போவோம்."

அவர்கள் போன பிறகு செந்தாமரை எழுந்து, அரிவாள்மனையை எடுத்துக் கழுவி, பலகையை நிமிர்த்தி, முந்தானையைக் கிழித்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அடுத்து யாருங்க?" என்று கேட்டாள். மீன் வாங்க வந்தவர்களுக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை.

எதை வாபஸ் வாங்கச் சொன்னான் என்றால், ஒரு புகாரை. துரைராசு என்ற கட்டட முதலாளி மேல் அவள் ரெராவில் போட்டிருந்த புகார். வீடு வாங்குகிறவர்களைக் கட்டுகிறவர்கள் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வைத்திருக்கிற ஆணையத்தைத்தான் எல்லோரும் ரெரா என்கிறார்கள். இந்த சதீஷ் துரைராசுவிடம் சம்பளம் வாங்குகிறவன். மேஸ்திரி என்று சொல்லிக்கொள்வான். அவன் சாந்துக் கரண்டியைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு வீட்டுக்காக இவ்வளவு அடி வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கூரைக்கடியில் இருந்து ஒருமுறைகூட யாரும் வெளியே இழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

செந்தாமரை பிறந்தது நன்னிலத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிகள். பண்ணைக்காரரின் தென்னந்தோப்பு ஓரத்தில் குடிசை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூடக் கேட்டார் அப்பா. மறுநாள் காலையில் டிராக்டர் வந்தது. குடிசையின் நடுக்காலில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். உள்ளே அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கூரை இறங்கி, உலை கவிழ்ந்து, அம்மாவின் இடது கை தோள் வரை வெந்துபோனது. வெந்த கையோடு அவள் பானையைத்தான் முதலில் தேடினாள்.

அங்கிருந்து தஞ்சாவூர். மருதையனைக் கட்டிக்கொண்டாள். அவர் நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு வாடகை வீடு. காரணம் ஒன்றுதான், மீன் வாடை. எத்தனை குளித்தாலும், எத்தனை மஞ்சள் தேய்த்தாலும், வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒருவர் அவர்கள் பாயில் பினாயிலை ஊற்றினார். ஒருவர் கரண்டை வெட்டினார். ஒரு வீட்டுக்காரரின் மகன், வாடகை சரியாகக் கொடுத்துக்கொண்டிருந்த மருதையனைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளி, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேல் எறிந்தான். அன்றைக்கு இட்லிப்பானை பட்டு உடைந்த அவருடைய முன்பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மகள் கலைமகள் நர்ஸுக்குப் படித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும் செந்தாமரை அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. யாரும் வந்து வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு கதவு. மகள் பெயரிலும் தாய் பெயரிலும் வங்கிக் கடன் போட்டு, புறவழிச் சாலைக்கு அப்பால் துரைராசு கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஏழாம் எண் வீட்டை வாங்கினார்கள்.

துரைராசு முன்னே நெல் வியாபாரம் செய்தவர். வேட்டி மடிப்பு கலையாது. யாரைப் பார்த்தாலும் தங்கச்சி, மாப்ள, பெரியம்மா. ஒப்பந்தம் போடும்போது செந்தாமரைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை ஒளிப்பதில் லாபம் இல்லை.

அவள் செய்த தப்பு வைகாசியில் நடந்தது. அதைத் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் எல்லோரும் தங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வைகாசி கடைசி முகூர்த்தம் வந்தது. அதை விட்டால் ஆனி, ஆடி இரண்டும் ஆகாது. ஆவணி வரை யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு முடியவில்லை. ஜன்னலுக்குக் கதவில்லை, குழாய் இல்லை, கரண்டு இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை.

"வேலை ஓடுறது பாட்டுக்கு ஓடட்டும் தங்கச்சி," என்றார் துரைராசு. "நல்ல நாளை ஏன் விடுறீங்க? பாலைக் காய்ச்சிடுங்க. ஆவணியில சாமானோட வந்து ஏறிக்கிடலாம். ஐயர் செலவு என்னுது."

பத்து குடும்பங்கள் அன்றைக்குப் பால் காய்ச்சின. ஒவ்வொரு வீட்டிலும் பால் பொங்கியதும் துரைராசு ஒரு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், பூ, அதன்மேல் பளபளவென்று ஒரு சாவி, சாவிக்கு அடியில் ஒரு தாள்.

"ஒரு கையெழுத்து. முகூர்த்தம் முடியறதுக்குள்ள."

விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஐயர் நிற்கிறார், பால் பொங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்புகிற பெண் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. செந்தாமரை கையெழுத்துப் போட்டாள். துரைராசுவின் ஆள் படம் எடுத்தான். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதிர் வீடான எட்டாம் எண்ணை வாங்கியிருந்தவர் லத்தீஃபா டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். அவருக்கு வைகாசியும் இல்லை, ஆடியும் இல்லை. ஆனாலும் தாம்பாளம் அவரிடமும் போனது.

"படிச்சிட்டுத் தர்றேங்க," என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல நேரம் போயிடும் டீச்சர்."

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அந்தத் தாளை அவர் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

ஆவணி வந்தது. அடுத்த வைகாசியும் வந்து போனது. கட்டடத்தில் ஒரு செங்கல் கூட ஏறவில்லை. செந்தாமரை போய்க் கேட்டதற்குத் துரைராசுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. லத்தீஃபா டீச்சர்தான் படித்துக் காட்டினார். வீடு வைகாசியிலேயே முழுமையாக ஒப்படைக்கப்பட்டுவிட்டது, வாங்கியவர் திருப்தியோடு கையொப்பமிட்டு, பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டார், மிச்ச வேலை அவர் பொறுப்பு.

"தாம்பாளத்துல இருந்தது இதா டீச்சர்?"

"இதேதான். வார்த்தைக்கு வார்த்தை."

செந்தாமரை நேரே துரைராசுவின் ஆபீசுக்குப் போனாள். அவருடைய மேஜைக் கண்ணாடியில் கையால் ஓங்கி அடித்தாள். கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் ஏறியது. சதீஷ் அவளைத் தூக்கிப் படியில் போட்டான். விலா எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்தது. துரைராசு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பாத்துப் போங்க தங்கச்சி," என்றார்.

அவளுக்குக் கோபம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரும், நிறைய வரும். அன்றிரவு மருதையன் தூங்காமல் அரிவாள்மனையைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார், அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று.

லத்தீஃபா டீச்சர்தான் ரெராவைப் பற்றிச் சொன்னார். கட்டடத்து வாசல் பலகையில் ஒரு பதிவு எண் எழுதியிருந்தது. அதை போனில் தட்டினால் துரைராசு அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது எல்லாம் வந்தது. எத்தனை வீடு, என்ன வரைபடம், என்றைக்கு முடித்துத் தருவேன் என்ற தேதி. அந்தத் தேதி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"வாங்குறவங்க குடுக்குற ஒவ்வொரு நூறு ரூபாயிலயும் எழுபதைத் தனிக் கணக்குல வச்சு இந்தக் கட்டடத்துக்கே செலவு பண்ணணும்னு சட்டம் இருக்கு தாமரை. அந்தாளு மயிலாடுதுறையில அடுத்த மனை வாங்கியிருக்கான்."

"சட்டம் இருந்து என்ன டீச்சர், சதீசு இருக்கானே."

"சதீஷு நம்ம ஊருல இருக்கான். இது சென்னையில விசாரிக்கிறது. அவன் காலு அவ்வளவு தூரம் நீளாது."

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து புகார் போட்டன. மீன் மார்க்கெட் சம்பவம் நடந்த இரண்டாம் நாள் ஒரு குடும்பம் வாபஸ் வாங்கியது. நாலாம் நாள் இன்னும் இரண்டு. அவர்களைத் திட்ட செந்தாமரைக்கு மனம் வரவில்லை. ஒருவர் வீட்டுக் கிணற்றில் செத்த நாய் கிடந்தது, ஒருவரின் மகளைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து மிரட்டியிருந்தார்கள். மிஞ்சியது ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும்.

ஆறாம் நாள் மருதையன்.

குடோனிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கல்லணைக் கால்வாய்க் கரையில் மறித்தார்கள். கம்பியால் முதல் அடி சைக்கிள் மேல், இரண்டாவது அடி வலது தோள் மேல். மூட்டை சுமந்து சுமந்து மேடு தட்டிய தோள். எந்தத் தோளை உடைத்தால் சோறு நிற்கும் என்று தெரிந்துதான் அடித்தான் சதீஷ். காறை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு அவரைக் கால்வாயில் தள்ளினார்கள். புரட்டாசித் தண்ணீர், இழுப்பு அதிகம். ஒற்றைக் கையால் நாணலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை மாடு ஓட்டி வந்தவர்கள்தான் தூக்கினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர், அவளைப் பார்த்ததும் சொன்னார்:

"விட்டுடலாம் தாமரை."

"எதை?"

"வீட்டைத்தான். பன்னெண்டாவதா ஒரு வாடகை வீடு பாத்துக்கலாம். ஊருல வீடா இல்ல?"

"இருக்கு. அங்கேருந்தும் வெளிய போன்னு சொல்லுவாங்க. நீங்களும் சரிங்கன்னு கெளம்புவீங்க."

"உசுரோட கெளம்புவேன்ல."

அவள் அவருடைய உடைந்த முன்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரில் கஞ்சியை ஆற்றி அவர் வாயில் வைத்தாள். "குடிங்க. வாபஸ் வாங்க மாட்டேன். நீங்க என்னைத் திட்டுறதுன்னா குடிச்சிட்டுத் திட்டுங்க."

அவர் குடித்தார், திட்டவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். அடித்தவன் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல மருதையனுக்குத் தைரியம் வரவில்லை. இருட்டிவிட்டது, தெரியவில்லை என்றார். சாயங்காலம் நாலரை மணி வெயிலில் இருட்டிவிட்டதாம். அதற்காக அவரை அவள் இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, லீவு போட்டுத் தன் வீட்டைப் பார்த்துவரப் போயிருந்த லத்தீஃபா டீச்சரிடமிருந்து காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "தாமரை, உன் வீட்டு வாசல்ல செங்கல் வச்சு அடைக்கிறானுங்க."

அவள் மார்க்கெட்டிலிருந்து அப்படியே ஆட்டோவில் ஏறினாள். தோளில் மாட்டிய பை. பையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் போனாளா, எப்போதும் போலப் பையில் கிடந்ததா என்று பின்னால் வக்கீல்கள் நிறையப் பேசினார்கள். அவளுக்கே தெரியாது. அதுதான் உண்மை.

இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனபோது, வாசல் இடுப்பு உயரத்துக்கு அடைபட்டிருந்தது. சிமெண்ட் ஈரம். சதீஷ் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கொத்தனார்கள் அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"வா அக்கா. உள்ள போயி உக்காந்துக்க, மீதியையும் வச்சு மூடிடுறோம். வீடு கேட்டியே."

அவள் காலால் அந்தச் சுவரை உதைத்தாள். முதல் உதையில் மேல் வரிசை விழுந்தது. இரண்டாவதில் பாதி சரிந்தது. மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது சதீஷ் அவள் கொண்டையைப் பின்னாலிருந்து பிடித்தான். பிடித்து இழுத்தான். நடைபாதையில் சிதறிக் கிடந்த ஜல்லியில் அவள் முதுகு தேய, அப்படியே இழுத்துக்கொண்டு போனான். எங்கே இழுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடி இல்லாத மாடிப்படி. அதன் ஓரத்தில் அவள் தலையை வெளியே தொங்கவிட்டு, கழுத்தில் முழங்காலை வைத்தான்.

"வாபஸ்னு ஒரு வார்த்தை சொல்லு. எழுந்திருச்சுப் போயிடுறேன்."

கீழே இரண்டு மாடி ஆழம். அடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். அவளுக்கு மூச்சு வரவில்லை. எதிர் வீட்டு வாசலில் லத்தீஃபா டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விடுடா, படம் எடுக்கிறேன், விடுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் திரும்பி டீச்சரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அந்த நேரம் போதுமானதாக இருந்தது. முப்பது வருஷமாக நாளுக்கு நூறு மீன் அறுக்கிற கை. எலும்பு எங்கே முடியும், சதை எங்கே தொடங்கும் என்று பார்க்காமலே தெரிந்த கை. பையிலிருந்து கத்தி வந்ததும், அவன் முன்னங்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓர் இழுப்பு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

சதீஷ் கொண்டையை விட்டான். விட்டவன் நிற்க முயன்றான். நின்றவனுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, அவன் முதலாளி கைப்பிடி வைக்கவில்லையே. ஒரு மாடி உருண்டு, திருப்பத்தில் தொடை எலும்பு முறிந்து கிடந்தான். அவன் அலறியது புறவழிச் சாலை வரை கேட்டதாம்.

செந்தாமரை தவழ்ந்து நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூச்சு திரும்பியதும் எழுந்து போய், மிச்சமிருந்த செங்கல்லையும் உதைத்துத் தள்ளினாள்.

அவளைக் கைது செய்தார்கள். வெட்டியிருக்கிறாள், ரத்தம் கொட்டியிருக்கிறது, போலீஸ் வேறென்ன செய்வார்கள். காவல் நிலையத்து முற்றத்துக்குத் துரைராசு வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி. அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன தங்கச்சி இது. பொம்பளைங்க செய்யிற காரியமா."

அவள் கழுத்தில் முழங்கால் பதிந்த தடம் கறுத்துக் கிடந்தது. பேசினால் வலித்தது. "உங்க ஆளு எப்படி இருக்கான்?"

"பொழச்சுக்குவான். நான் சொல்றதைக் கேளுங்க. அவன் கேஸை அவன் வாபஸ் வாங்கிக்குவான். நீங்க உங்க ரெரா கேஸை வாபஸ் வாங்கிடுங்க. ரெண்டும் நேராயிடும். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"எந்த வீட்டுக்கு?"

துரைராசு சிரித்தார். "கொலை முயற்சின்னு எழுதுவாங்க. வருசக் கணக்கா உள்ள இருக்கணும். அம்பது வயசுல தாங்குவீங்களா?"

"நாப்பத்தெட்டு," என்றாள் செந்தாமரை. "அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நான் வாபஸ் வாங்கலன்னா உங்களுக்கு என்ன ஆயிடும்? இவ்வளவு பெரிய ஆளு. மீன் அறுக்குறவ ஒருத்தி தாளுல எழுதிக் குடுத்ததுக்கு ஏன் இந்தப் பயம் பயப்படுறீங்க?"

அவர் முகம் அப்போதுதான் முதல் தடவையாக மாறியது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே நம்பிக்கை வந்தது, அந்தப் புகாரில் ஏதோ இருக்கிறது என்று. அதுவரை வீம்புக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திருச்சி பெண்கள் சிறையில் பதினாறு நாள் இருந்தாள். வாய்தா வந்தது அவள் உள்ளே இருக்கும்போது. அதற்கு மறுநாள் மருதையன் மனு போட்டுப் பார்க்க வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், கை தூளியில் தொங்க, புதுச் சட்டை போட்டு நின்றார்.

"என்ன ஆச்சு? சொல்லுங்க."

"டீச்சர் வீட்டுல கம்ப்யூட்டர்லதான் விசாரணை. என்னையும் உக்கார வச்சாங்க. உனக்குப் பதிலா."

"நீங்களா?"

"நான்தான். ஏன், உக்காரக் கூடாதா?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவங்க வக்கீலு அந்தப் படத்தைக் காட்டுனாரு. நீ பால் பானையோட நிக்கிற படம். சிரிச்சுக்கிட்டு. அப்புறம் அந்தத் தாளு. பாத்தீங்களா, வீட்டை வாங்கிக்கிட்டாங்க, குடிபோயிட்டாங்கன்னாரு. எனக்கு வேர்த்துப் போச்சு."

"அப்புறம்?"

"அந்த அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு, பணி நிறைவுச் சான்று எங்கன்னு. கட்டடம் முடிஞ்சிருச்சுன்னு அரசாங்கம் குடுக்குற தாளாம் அது. வக்கீலு சொன்னாரு, அதுக்கு மனு போட்டிருக்கோம், ஆனா அவங்க பால் காய்ச்சிட்டாங்க சார்னு. அதுக்கு அவரு, பால் காய்ச்சினதை நான் கேக்கலீங்க, சான்று இல்லாம ஒப்படைச்சேன்னு நீங்க சொல்லவே முடியாதுன்னாரு."

செந்தாமரை வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதோட விட்டாரா? என்னைப் பாத்து, நீங்க ஏதாவது சொல்லணுமான்னாரு. டீச்சர் சும்மா இருங்கன்னு கண்ணைக் காட்டுறாங்க."

"சும்மா இருந்தீங்களா?"

"இல்ல." மருதையன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "பால் காய்ச்சுனது நெசந்தாங்கய்யா, செங்கல்லு அடுக்கி விறகு வச்சுக் காய்ச்சுனோம், அந்த வீட்டுல கரண்டும் இல்ல, தண்ணியும் இல்ல. இதைக் கேட்டதுக்கு என் தோளை ஒடைச்சவன் பேரு சதீஷு, நான் நல்லாப் பாத்தேன், பகல் நாலரை மணின்னு சொன்னேன். வெளிய வந்து போலீஸ்லயும் போயிச் சொல்லிட்டேன்."

வலைக்கு இந்தப் பக்கம் செந்தாமரை அழுதாள். குடிசை விழுந்தபோது அழுதவள், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

லத்தீஃபா டீச்சர் எடுத்த படம் ஜாமீன் மனுவில் பயன்பட்டது. அவள் வெளியே வந்த மாதம் ரெரா உத்தரவும் வந்தது. தாம்பாளத்துத் தாள் செல்லாது. சொன்ன தேதியிலிருந்து உண்மையாக ஒப்படைக்கிற நாள் வரை தாமதத்துக்கு மாதா மாதம் வட்டி தர வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் வேலையை முடித்து, சான்று வாங்கி, வீட்டைத் தர வேண்டும். துரைராசு மேல்முறையீட்டுக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். போகலாம்தான். ஆனால் கொடுக்கச் சொன்னதை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் அந்தப் படி ஏற முடியும் என்று சட்டம் இருக்கிறது. கட்டாமல் இழுத்தால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி மாதிரி சொத்தை ஜப்தி செய்து வசூலிப்பார்கள். ஒரு உத்தரவு வந்ததும், வாபஸ் வாங்கியவர்களும் பயந்து கிடந்தவர்களும் புகாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்குப் பயம் எதற்காக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு வீட்டுக்காக இல்லை, பன்னிரண்டுக்காக.

தொண்ணூறு நாளில் முடியவில்லை, ஆறு மாதம் ஆயிற்று. முடிந்தது. கைப்பிடி வைத்தார்கள், கரண்டு வந்தது, தண்ணீர் வந்தது. லத்தீஃபா டீச்சர் சான்றிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்த பிறகு, செந்தாமரை சாவிக்குக் கையெழுத்துப் போட்டாள். தாம்பாளம் எதுவும் இல்லை. துரைராசு வரவில்லை.

சதீஷ் நடக்கிறான், கொஞ்சம் சாய்த்து. அவன் மேல் மருதையனை அடித்த வழக்கும், அவள் மேல் அவனை வெட்டிய வழக்கும் நடந்துகொண்டிருக்கின்றன. அவள் வழக்கு எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போக வேண்டி வந்தாலும் வரலாம்.

குடிவந்த ஒன்பதாம் நாள் மதியம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மருதையன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பதினோரு வீட்டில் பழகிய பழக்கம். செந்தாமரை போய்த் திறந்தாள். கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவந்த காவலர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே தாளைப் புரட்டினார்.

"ஏழாம் நம்பர் இதுதானே? வீட்டுக்காரங்க யாரும்மா? கூப்பிடுங்க."

"நான்தாங்க," என்றாள். "உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டு எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க. டீச்சர் எதிர்லதான் இருக்காங்க. அவங்க படிக்கட்டும், போடுறேன்."